எட்டாத மாடிக்கு ஒரு பறக்கும் வண்டி

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது முதல் நிபந்தனையே, "ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதாதே, ஏற்கெனவே ஒன்பது கட்டுரை வந்துவிட்டது" என்பதுதான். ஆகவே மெஸ் சாம்பாரை மற்ற ஒன்பது பேருக்கும் விட்டுவிட்டு, என் தொழிலை ஒட்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். படிக்கிற ஜூனியர்களுக்கு உபயோகப்படலாம். சீனியர்கள் கணக்கில் தப்பு இருந்தால் விழா அன்று கேன்டீனில் பிடித்துத் திட்டலாம்.

நான் பார்க்கிற வேலை உயரமான கட்டடங்களுக்கு ஃபேன் போடுவது. சீலிங் ஃபேன் இல்லீங்க. தீப்பிடித்தால் மாடிப்படிக்குள் புகை நுழையாமல் இருக்கக் காற்றை உள்ளே அடைத்து வைக்கிற பெரிய ஃபேன்கள். படிக்கட்டுக்குள் வெளியில் இருப்பதைவிட 50 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக இருந்தால் போதும். அதாவது வெறும் 5 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். கதவு இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர புகை உள்ளே வராது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். சாதாரணம்தான்.

கொஞ்ச நாள் முன்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீயணைப்பு ஒத்திகை. பதினேழாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். நான் படிக்கட்டு, ஃபேன், அழுத்தம் என்று விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. நான் எப்படிப் படியில இறங்குவேன்? டிவியில பறக்கிற கார் எல்லாம் காட்டறாங்களே, அது ஒண்ணு வந்து பால்கனி ஓரமா நின்னா ஏறிக்க மாட்டேனா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால் அந்த அம்மா கேட்ட அதே கேள்வியைப் பெரிய பெரிய இன்ஜினியர்கள் அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டு, வண்டி கட்டி, பறக்கவும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கதை நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பறக்கும் கார் என்றதும் பலருக்கும் நினைவு வருவது இறக்கை வைத்த கார். அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் 1949ல் செய்த ஏரோகார் அந்த வகை. இறக்கையைக் கழற்றிப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ரோட்டில் போகலாம். 1956ல் அரசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்கு ரன்வே வேண்டும். ஜன்னலில் நிற்பவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நமக்கு வேண்டியது நின்ற இடத்தில் எழும்பி, அந்தரத்தில் நிற்கிற வண்டி. அந்த வழியில் முதலில் வந்தது ஹெலிகாப்டர்.

ஹெலிகாப்டர் ஆள் மீட்டது 1944 ஏப்ரலில், பர்மாவில். அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், சிகோர்ஸ்கி கம்பெனியின் சின்ன ஆர்-4 வகை ஹெலிகாப்டரில் போய், ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் காட்டில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு விமானியையும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் கொண்டுவந்தார். ஒரு தடவைக்கு ஓர் ஆள். அதற்கு மேல் தூக்கச் சக்தியில்லை. சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும், இன்ஜினும் மூச்சு வாங்கும். இந்த "சூடான காற்று தூக்காது" என்கிற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும். அடுத்த வருஷம், 1945 நவம்பர் 29 அன்று, கனெக்டிகட் கரையோரம் புயலில் சிக்கிய படகிலிருந்து இரண்டு பேரை இன்னொரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் கயிறு கட்டித் தூக்கியது. கடல், காடு, மலை எல்லாவற்றிலும் அந்த யந்திரம் தன் பெருமையை நாட்டிவிட்டது. பாக்கி இருந்தது நகரம்.

நகரத்தில் என்ன ஆச்சு என்பதற்கு பிரேசிலின் சாவ் பாவ்லோவைவிட நல்ல பாடம் கிடையாது. 1972 பிப்ரவரி 24, அன்ட்ராவுஸ் என்ற முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம். கீழ்த்தளங்களில் பெரிய ஜவுளி, பல்பொருள் கடை. தீ வெளிச்சுவர் வழியாக மேலே ஏறியது. அதிர்ஷ்டவசமாகக் கூரையில் ஹெலிபேட் இருந்தது. ஹெலிகாப்டர்கள் மாறி மாறி வந்து இறங்கி நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு போயின. 16 பேர் இறந்தார்கள். அந்தத் தீயின் அளவுக்கு அது குறைவு. ஊரே ஹெலிகாப்டரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

இரண்டு வருஷம்கூட முடியவில்லை. 1974 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை காலை, அதே ஊரில் ஜோயெல்மா என்ற 25 மாடிக் கட்டடம். பன்னிரண்டாவது மாடியில் ஒரு ஏர்கண்டிஷனரில் ஆரம்பித்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு படிக்கட்டு. லிஃப்ட் ஓட்டுநர்கள் உயிரைப் பணயம் வைத்து முடிந்த மட்டும் மேலும் கீழும் ஓட்டிப் பலரை இறக்கினார்கள். மாட்டிக்கொண்ட மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அன்ட்ராவுஸ் ஞாபகம். "மொட்டை மாடிக்குப் போனால் ஹெலிகாப்டர் வரும்" என்று மேலே ஏறினார்கள். ஹெலிகாப்டரும் வந்தது. ஆனால் இந்தக் கூரையில் ஹெலிபேட் இல்லை. வெப்பமும் புகையும் பட்டு எந்த ஹெலிகாப்டரும் தீ அடங்கும்வரை இறங்க முடியவில்லை. மொத்தம் 180 பேர் அளவில் இறந்தார்கள். அதில் கூரையில் காத்திருந்தவர்களும் உண்டு.

எனக்கு இதில் ரொம்ப நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிற சங்கதி, அவர்கள் தப்பான முடிவு எடுக்கவில்லை என்பதுதான். போன தடவை வேலை செய்த வழியைத்தான் நம்பினார்கள். யந்திரமும் அதே யந்திரம். கூரைதான் வேறு.

1980 நவம்பரில் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல் தீயில் ஹெலிகாப்டர்கள் மறுபடியும் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை எடுத்தன. 85 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது கீழே சூதாட்டக் கூடத்தில். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில், தீயையே பார்க்காமல், புகையால் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் உயரமான கட்டடங்களின் கூரையில் ஹெலிகாப்டர் இறங்க இடம் விட்டே ஆகவேண்டும் என்று 1974ல் விதி போட்டு, 2014ல்தான் தளர்த்தியது. நாற்பது வருஷமாக அந்த ஊர்க் கட்டடங்கள் எல்லாம் தட்டையான தலையோடு நின்றதற்கு அதுதான் காரணம். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று போலீஸ் ஹெலிகாப்டர்கள் மேலே வந்து சுற்றியும் புகையில் இறங்க முடியவில்லை. கூரைக் கதவுகளும் பூட்டியிருந்தன. நம்ம சென்னையில் எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலையில் எரிந்ததை அந்தக் காலத்து சீனியர்கள் சிலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

சரி, ஹெலிகாப்டரின் குறை என்ன? சுற்றுகிற ரோட்டர் வண்டியைவிட அகலம். பத்து மீட்டர் வட்டத்தில் கத்தி சுழல்கிறது. சுவரைத் தொட்டால் முடிந்தது கதை. அதனால் கூரைக்கு மேலே வரலாம், ஜன்னலுக்குப் பக்கத்தில் வரமுடியாது. டீச்சரம்மாவின் பால்கனிக்கு வரவே முடியாது. இதற்கு எந்த மெக்கானிக்கல் மாணவனும் சொல்லக்கூடிய பதில்: ஃபேனைச் சின்னதாக்கி, ஒரு வளையத்துக்குள், அதாவது டக்ட்டுக்குள் வைத்துவிடு. சுவரில் உரசினாலும் வளையம்தான் உரசும்.

இதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியவர் பிராங்க் பியாசெக்கி. பிலடெல்பியாக்காரர், போலந்திலிருந்து வந்த தையல்காரரின் மகன். முன்னும் பின்னும் ரோட்டர் வைத்த வாழைப்பழ வடிவ ஹெலிகாப்டர்களால் பேர் வாங்கியவர். 1950களின் நடுவில் தான் ஆரம்பித்த கம்பெனியிலிருந்தே வெளியேற வேண்டி வந்தது (அந்தக் கம்பெனி பின்னால் போயிங்கோடு சேர்ந்தது). மனுஷன் சும்மா இருக்காமல் இன்னொரு கம்பெனி தொடங்கினார். 1957ல் அமெரிக்க ராணுவம் "பறக்கும் ஜீப்" வேண்டும் என்று மூன்று பேருக்கு வேலை கொடுத்தது: பியாசெக்கி, கார் செய்கிற கிறைஸ்லர், கர்ட்டிஸ்-ரைட்.

கிறைஸ்லர் வண்டி எடை கூடிப்போய், 1959ல் கட்டவிழ்த்துப் பறந்த முதல் தடவையே கவிழ்ந்தது. நல்லவேளை, ஓட்டியவருக்குப் பெரிய காயம் ஏதும் ஆகவில்லை. கர்ட்டிஸ்-ரைட் வண்டி நாலு மூலையில் நாலு ப்ரொபெல்லர் வைத்தது. இன்றைய ட்ரோனுக்குத் தாத்தா என்றே சொல்லலாம். ஒழுங்காகத்தான் பறந்தது, ஆனால் கேட்ட உயரமும் வேகமும் வராததால் 1960ல் ராணுவம் திருப்பிக் கொடுத்துவிட்டது. பாவம், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பிறந்துவிட்டது.

பியாசெக்கியின் வண்டிதான் மூன்றில் உருப்படி. முன்னால் ஒரு டக்ட், பின்னால் ஒரு டக்ட், நடுவில் ஓட்டுபவரும் கூட ஒருவரும். 1958ல் பறந்தது. முதலில் 180 குதிரைசக்தி லைகாமிங் இன்ஜின் இரண்டு. சக்தி போதவில்லை என்று எடுத்துவிட்டு, 1959ல் எடை குறைந்த டர்பைன் ஒன்று போட்டார்கள். 1962ல் ஏர்ஜீப்-2 என்று பெரிய வண்டி, இரண்டு டர்பைன். தரையில் சக்கரத்தில் ஓடவும் வசதி. மரத்துக்கு அடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் தரையை ஒட்டிப் பறந்தது. ஓட்டியவர்கள் குறை சொல்லவில்லை. அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? ஒரு வரியில் சொன்னால், அதே எடையை அதே எண்ணெயில் ஹெலிகாப்டர் இன்னும் தூரம் கொண்டுபோனது. ராணுவம் ஹெலிகாப்டர் பக்கமே போய்விட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடாமல் நகரக்கூடாது. காற்றில் நிற்பது என்றால் காற்றைக் கீழே தள்ளுவது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் செலவு கம்மி. கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் செலவு ஜாஸ்தி. நம் மூன்றாம் செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான். 1400 கிலோ வண்டி என்று வையுங்கள். பத்து மீட்டர் ரோட்டர் போட்டால் வட்டத்தின் பரப்பு 78 சதுர மீட்டருக்கு மேல். கீழே போகும் காற்றின் கடைசி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவு. இழப்பே இல்லாத லட்சிய நிலையில் தேவை சுமார் 160 குதிரைசக்தி. அதே 1400 கிலோவை 1.8 மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு டக்ட்டில் தூக்கினால் பரப்பு 5 சதுர மீட்டர்தான். டக்ட் செய்கிற உபகாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் தேவை சுமார் 435 குதிரைசக்தி. கீழே போகும் காற்று மணிக்கு 170 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைப் பிடுங்கிப் போட்டதே, அதைவிட வேகம். இந்தக் காற்றை எரிகிற மாடிக்குப் பக்கத்தில், கீழே ஏணி வைத்து நிற்கிற தீயணைப்பு வீரர் தலைமேல் விடவேண்டும். உள்ளே இழுக்கிற காற்றோ தீயில் சுட்ட காற்று. அடர்த்தி குறைந்தால் தூக்கும் சக்தியும் குறையும். பர்மாவில் ஹார்மனுக்கு வந்த அதே சங்கடம், வேறு ரூபத்தில்.

இன்னொரு தொல்லை, டக்ட்டுக்கே உரியது. நின்ற இடத்தில் நிற்கும்போது காற்று மேலிருந்து நேராக உள்ளே வரும். வண்டி முன்னால் போக ஆரம்பித்தால் எதிர்க்காற்று தொண்ணூறு டிகிரி திரும்பி உள்ளே இறங்க வேண்டும். அந்தத் திருப்பம் வண்டியைப் பின்னால் இழுக்கும். அதோடு டக்ட்டின் முன் உதட்டில் உறிஞ்சல் கூடி மூக்கை மேலே தூக்கும். வேகம் கூடக் கூட மூக்கும் தூக்கும். ஏர்ஜீப்-2ன் உடம்பை நடுவில் வளைத்து, இரண்டு டக்ட்டையும் வெவ்வேறு கோணத்தில் பியாசெக்கி வைத்தது இந்த இழுவையைக் குறைக்கத்தான். முழுசாகத் தீரவில்லை.

ஏறத்தாழ நாற்பது வருஷம் இந்த யோசனை அப்படியே கிடந்தது. தூசு தட்டியவர் ரஃபி யோயெலி என்ற இஸ்ரேலிய இன்ஜினியர். அர்பன் ஏரோநாடிக்ஸ் என்று கம்பெனி. எக்ஸ்-ஹாக் என்று ஒரு வண்டியை வரைந்தார். படத்தைப் பார்த்தால் டீச்சரம்மா கேட்டது அப்படியே இருக்கும்: கட்டடத்தின் ஜன்னலை ஒட்டி வண்டி வந்து நிற்கிறது, ஆட்கள் ஜன்னலிலிருந்து நடந்தே ஏறுகிறார்கள். 2001க்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2006ல் பெல் ஹெலிகாப்டர் கம்பெனியும் கூடச் சேர்ந்து ஆராய முன்வந்தது.

படம் வரைவது யாரும் செய்வது. யோயெலி செய்த உண்மையான வேலை வேறு. ஜன்னலை ஒட்டி நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக நகரவேண்டும். ஹெலிகாப்டர் பக்கவாட்டில் போக உடம்பைச் சாய்த்தாக வேண்டும். சாய்ந்தால் ஜன்னல் பக்கம் இடிக்கும், ஏறுகிறவர் காலும் வழுக்கும். யோயெலி டக்ட்டின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் ஜன்னல் பலகை மாதிரி வரிசையாகத் தகடுகள் வைத்தார். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் வண்டி சாயாமல் பக்கத்தில் நகரும். எதிரெதிராகத் திருப்பினால் நகராமல் சாயும். பியாசெக்கியிடம் கீழே மட்டும்தான் தகடு. அதனால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. எவ்வளவு எளிது பாருங்கள். மூக்கு தூக்குகிற பிரச்சினைக்கும், வேகம் கூடும்போது காற்று ஊடே போக டக்ட்டின் பக்கச் சுவரில் திறப்புகள் வைத்தார். மேலே, அத்தனை தகட்டையும் நொடிக்கு நொடி திருப்ப 1962ல் இல்லாத கம்ப்யூட்டர் இப்போது இருந்தது.

ஆனால் பணம்? ஜன்னலில் நிற்கிறவர் யாரும் முன்பணம் கட்டமாட்டார். தீயணைப்புத் துறைகளிடம் வெள்ளோட்டத்துக்குக் கொடுக்கக் காசு கிடையாது. கடைசியில் அதே பழைய வாசல்தான்: ராணுவம். ஆளில்லாத ஏர்மியூல், பின்னால் கார்மரன்ட் என்று பேர் மாறிய வண்டி. 1.8 மீட்டர் டக்ட் இரண்டு, 700 குதிரைசக்தி வகை டர்பைன். போர்முனைக்குச் சாமான் கொண்டுபோய், காயம்பட்டவரைத் திருப்பிக் கொண்டுவர. 2015 டிசம்பர் 30 அன்று மெகிடோ விமானத்தளத்தில் கயிறு கட்டாமல் தானாகவே முதல் தடவை பறந்தது. 2018ல் பொம்மை நோயாளியை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். அதே வருஷங்களில் ஆள் ஏறுகிற சிட்டிஹாக் என்று நகரத்துக்கான வண்டிக்கும் திட்டம் போட்டார்கள். ஹைட்ரஜனில் ஓடும் என்றார்கள். ஓர் ஆம்புலன்ஸ் அமைப்பு வாங்கிக்கொள்வதாகவும் சொன்னது. ஜன்னல் ஓரத்தில் நிற்கும் எக்ஸ்-ஹாக் மட்டும் இன்னும் படத்தில்தான் இருக்கிறது. பியாசெக்கி ராணுவத்துக்காகக் கட்டினார், ராணுவம் விட்டதும் அவர் வண்டி நின்றது. இவர் நகரத்துக்காக வரைந்தார், ராணுவம் கொடுத்த வேலையால்தான் வண்டி பறந்தது. எனக்கு இதில் யோயெலி மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. நம்மில் எத்தனை பேர் வரைந்ததையே கட்டுகிறோம்?

நியூசிலாந்தின் கிளென் மார்ட்டின் கதையும் இதில் சேர்த்தி. முதுகில் மாட்டுகிற டக்ட் ஃபேன் யந்திரத்தை 1980களின் ஆரம்பத்திலிருந்து தன் வீட்டுப் பட்டறையில் வைத்து வளர்த்தார். 2008ல் வெளியே காட்டினார். 2015ல் பங்குச் சந்தைக்கும் போனது. அந்த வருஷம் நவம்பரில் துபாய் தீயணைப்புத் துறை இருபது யந்திரம் வாங்க ஒப்புக்கொண்டதாகச் செய்தி. அதற்கு முன்பே மார்ட்டின் தன் கம்பெனியை விட்டு விலகியிருந்தார். சில வருஷத்தில் கம்பெனியே மூடிவிட்டது.

துபாய் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே டார்ச் என்ற எண்பது மாடி அளவிலான குடியிருப்பு 2015 பிப்ரவரியில் எரிந்தது. 2017 ஆகஸ்டில் மறுபடியும் எரிந்தது. டிவியில் பார்த்தவர்கள் நூறு பேராவது போயிருப்பார்கள் என்று நினைத்தார்கள். இரண்டு தடவையும் ஒருவரும் சாகவில்லை. பறக்கும் யந்திரம் எதுவும் வந்து எடுக்கவில்லை. எல்லோரும் படி வழியாக இறங்கினார்கள். அதே 2017 ஜூனில் லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். அங்கே ஜோயெல்மா மாதிரியே ஒரே படிக்கட்டு. ஃபேன் போடுகிறவன் ஃபேனைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கட்டும். எங்கே ஆட்கள் தப்பினார்கள், எங்கே தப்பவில்லை என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி படிக்கட்டு என்ன ஆச்சு என்பதுதான்.

டீச்சரம்மாவிடம் மறுபடி போனேன். பால்கனிக்கு வண்டி வராது, இன்னும் ரொம்ப நாளைக்கு வராது, ஏன் வராது என்று மேலே எழுதினதைத்தான் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு?" என்றார். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது: படியில் சறுக்கி இறக்குகிற மடக்கு நாற்காலி. ஓர் ஆள் பிடித்தால் போதும், படி விளிம்பில் பட்டை உருண்டு மெதுவாக இறங்கும். சங்கத்தில் பேசி இரண்டு வாங்கினார்கள். அடுத்த ஒத்திகையில் அவரைப் பதினேழு மாடியும் இறக்கியது காவல்காரப் பையன் ஒருவன். கீழே வந்ததும் அவர் என்னைக் கேட்டது: "கரண்ட் போனா உங்க ஃபேன் ஓடுமா தம்பி?" ஜெனரேட்டர் இருக்கும்மா என்றேன். "அதுல டீசல் இருக்கான்னு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. போய்ப் பார்த்தோம். இருந்தது, ஆனால் நிறைய இல்லை.

அதற்காகப் பறக்கும் வண்டி வீண் என்று நான் சொல்லவரவில்லை. கேள்வி மாறியிருக்கிறது. ஆளை வெளியே எடுப்பதைவிட, தேவையானதை உள்ளே கொண்டுபோவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். சீனாவின் ஈஹாங் கம்பெனி 2020ல் காட்டிய தீயணைப்பு வண்டியில் ஆளே கிடையாது. 150 லிட்டர் நுரைக் கரைசலும் ஜன்னல் வழியாக எறிய ஆறு தீயணைப்புக் குண்டுகளும். கீழிருந்து ஏறுகிற தூக்குமேடைகளில் பின்லாந்தின் ப்ரான்டோ கம்பெனியுடையது 112 மீட்டர் வரை போகும். அதற்கு மேலே உள்ள மாடிகளுக்கு இந்த மாதிரி ஏதாவதுதான் வழி.

ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற மோட்டார் சங்கத்துக்குச் சொந்தமாக மீட்பு ஹெலிகாப்டர்கள் உண்டு. அவர்கள் 2018ல் தொடங்கி 2020ல் வெளியிட்ட ஆய்வில் கேட்டது இன்னும் புத்திசாலித்தனம்: நோயாளியைத் தூக்கவே வேண்டாம், டாக்டரை மட்டும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன? நோயாளியைப் பின்னால் வருகிற சாதாரண ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொள்ளும். ஸ்ட்ரெச்சர் வேண்டாம், எடை பாதியாகும். பாட்டரி வண்டிக்கு அது உயிர்நாடி. ஒரு கிலோ லித்தியம் பாட்டரியில் 250 வாட்-மணி. ஒரு கிலோ மண்ணெண்ணெயில் 12,000. டர்பைன் அதில் முக்கால்வாசியை வீணடித்தாலும் 3,000 மிஞ்சும். ஆய்வு சாத்தியம் என்றே சொன்னது. ஆனால் அதில் கூட்டுச்சேர்ந்த வோலோகாப்டர் கம்பெனி 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த வருஷம் கைமாறியது.

நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏரோஸ்பேஸ் பேராசிரியர் சத்ய சக்கரவர்த்தி தொடங்கிய இ-ப்ளேன் கம்பெனி, பாட்டரியில் ஓடி நேராக எழும்புகிற சின்ன விமானம் கட்டுகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் 788 ஏர் ஆம்புலன்ஸ்கள் தர ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், மேலே சொன்ன துபாய் இருபதும் ஒப்பந்தம்தான். ஆனால் அவர்கள் ஜன்னல் ஓரத்தில் நிற்கப்போவதாகச் சொல்லவில்லை. டிராஃபிக்குக்கு மேலே நோயாளியைக் கொண்டுபோகத்தான் பார்க்கிறார்கள். இது முடிகிற காரியம் என்று எனக்குப் படுகிறது.

கடைசியாக, இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. பியாசெக்கியைப் படுத்திய அந்த மூக்குத் தூக்கலை லேபிலேயே பார்க்கலாம், நூறு கோடி வேண்டாம். மாடல் விமானக் கடையில் கிடைக்கிற சின்ன டக்ட் ஃபேன் ஒன்றை எடுத்து, வாய் விளிம்பைக் களிமண் வைத்து நன்றாக உருட்டிவிடுங்கள். காற்று கீழே போகும்படி படுக்கையாக வைத்து, குறுக்கே ஒரு கம்பி செருகி, எடை இரண்டு பக்கமும் சமமாக ஆடும்படி மாட்டுங்கள். ஃபேனை ஓடவிட்டு, பக்கத்திலிருந்து பெடஸ்டல் ஃபேனால் கம்பிக்குக் குறுக்காகக் காற்றடியுங்கள். காற்று வருகிற பக்கத்து விளிம்பு மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறது என்று வேகத்தை மாற்றி மாற்றி அளந்து, பக்கச் சுவரில் துளை போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கைவிரலை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். அளவுகள் கிடைத்தால் விழா அன்று எனக்குக் காட்டுங்கள். மெக்கானிக்கல் ப்ளாக் படிக்கட்டுப் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பேன்.